கீழ்த்தெரு விட்டுக்கொடுத்ததாக நான் எழுதியது

நடக்காத கிராம சபையை நடந்ததாக எழுதியவன் நான். குடிநீர்க் குழாய் எங்கள் தெருவோடு நின்றுபோனதற்கு அந்தப் பொய்தான் காரணம்.

வல்லம் வடகால் தொழிற்பேட்டையை ஒட்டிய சிற்றூர் எங்களுடையது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்பதால் ஊராட்சியின் தீர்மானப் புத்தகத்தை என்னிடம் கொடுத்து எழுதச் சொல்வார்கள். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில். என் மகனும் அங்கேதான். அந்தப் பணத்தில் மாடிகள் எழுந்தன. மாடி அறைகளில் வடக்கிலிருந்து வந்த தொழிலாளர்கள் வாடகைக்கு இருந்தார்கள். அதன் பிறகுதான் ஊராட்சித் தலைவர் எங்கள் வாசலில் செருப்பைக் கழற்ற ஆரம்பித்தார்.

கீழ்த்தெருவில் யாருக்கும் நிலம் இருந்ததில்லை. வயல்கள் தொழிற்பேட்டைக்குப் போனபோது எங்களுக்கு இழப்பீடு வந்தது. அவர்களுக்குக் கூலி நின்றது. நாங்கள் அந்த இழப்பீட்டை ஏஜெண்டிடம் கொடுத்துப் பிள்ளைகளை விமானம் ஏற்றினோம். அவர்கள் எதைக் கொடுத்து ஏற்றுவது?

மக்கள் பங்குத் தொகை கட்டும் தெருவுக்கே குழாய் என்றார் தலைவர். நாங்கள் கட்டினோம். கீழ்த்தெருவால் முடியவில்லை. ரேஷன் கடை வரிசையில் கிராம சபை வருகைப் பதிவேட்டை நீட்டிக் கீழ்த்தெருப் பெண்களிடம் கையெழுத்து வாங்கினார் ஊராட்சிச் செயலர். சர்க்கரைக்கு என்று நினைத்துப் போட்டார்கள். ‘கீழ்த்தெரு மக்கள் குழாயைத் தாமாகவே விட்டுக்கொடுத்ததால் ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது’ என்று எழுதினேன். பிள்ளைகளுக்குக் குடிமையியல் நடத்திய அதே கைதான்.

அடுத்த கோடையில், தொழிற்சாலை கேன்டீனில் பாத்திரம் கழுவும் கீழ்த்தெருப் பெண் ஒருவர் எங்கள் வாசல் குழாயில் குடம் வைத்தார். எதிர்வீட்டுக்காரர் வந்து குடத்தைக் காலால் நகர்த்தினார்.

“இது பங்கு கட்னவங்க கொழாய்மா. நீங்கதான் வேணாம்னு கையெழுத்து போட்டுட்டீங்களே?”

“நானா? எப்போ சார் போட்டேன்?”

அந்தப் பெண் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் வீட்டுக்குள் போய்விட்டேன். இன்றைக்கும் என்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருவது அதை நினைத்துத்தான்.

இரண்டு வருடம் கழித்துத்தான் வாய் திறந்தேன். மே தினக் கிராம சபையில் எழுந்து, நான் எழுதியது பொய் என்றேன்.

“சாருக்கு வயசாயிடுச்சு,” என்று எதிர்வீட்டுக்காரர் சிரித்தார். “அப்போ மொதல்ல உங்க வூட்டுக் கொழாயப் புடுங்குங்க சார்.”

கீழ்த்தெருவின் பங்கை என் மகன் அனுப்பும் பணத்திலிருந்து கட்டுவதாகச் சொல்ல அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவர் உட்காரச் சொல்லவில்லை.

“உங்க புள்ள துட்டு எதுக்கு சார்? நாளைக்கி அதையும் சொல்லிக் காமிப்பீங்க. நாங்களும் ஓட்டு போட்டுகினுதான கீறோம்? எங்க பேர்ல இன்னா எழுதினீங்களோ, அத அடிச்சிட்டு நெசத்த எழுதுங்க.”

நடந்ததையெல்லாம் எழுதி, கையெழுத்திட்டு, ஆட்சியருக்கு அனுப்பினேன். விசாரித்துத் தீர்மானத்தை ரத்து செய்தார்கள். “ஏம்பா, நம்ம தெருல இனிமே நான் எப்டி தலகாட்றது?” என்று கேட்டுவிட்டு மகன் போனை வைத்தான். எங்கள் தெருவில் என்னோடு பேசுகிறவர்கள் குறைந்துபோனார்கள்.

அடுத்த கிராம சபைக்கு அந்தப் பெண் ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தார். பதிவேடு வந்தபோது அவர் பேனாவைத் தொடவில்லை.

“மேல இன்னா எழுதிக்கீது? படிங்க சார்.”

வாங்கிப் பார்த்தேன். பக்கம் வெறுமையாக இருந்தது. அதைச் சொன்னேன். கீழ்த்தெருவுக்குக் குழாய் என்று எல்லோர் முன்னும் எழுதி, உரக்கப் படித்த பிறகே பெண்கள் கையெழுத்திட்டார்கள்.

இன்னும் பள்ளம்கூடத் தோண்டவில்லை. நிதி இல்லையாம். அந்தப் பெண் எங்கள் வாசல் குழாயில்தான் குடம் வைக்கிறார். எதிர்வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே நிற்கிறார், நகர்த்த வருவதில்லை.