பானெட்டில் ஒரு பொட்டு

ரெசின் வாசனை தெரியுமா உங்களுக்கு? நெயில் பாலிஷ் பாட்டிலை மொத்தமாகக் கவிழ்த்த மாதிரி இருக்கும்... தலைக்குக் குளித்தாலும் பின்னலை விட்டுப் போகாது. சாயங்காலம் ஐயம்பேட்டையில் ஷேர் ஆட்டோ ஏறினால் பக்கத்தில் இருப்பவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு நகர்ந்து உட்காருவார். எனக்குத் தாராளமாக இடம் கிடைக்கும்.

என் முதல் வேலை அது. ஜாஃபர் பாயின் ஃபைபர் பட்டறை. தண்ணீர்த் தொட்டி, பஸ் சீட்டு, ஆட்டோ மட்கார்டு... எது கேட்டாலும் ஃபைபரில் செய்து கொடுப்பார். கண்ணாடி இழைத் துணியை அளவாக வெட்டி, மோல்டில் அடுக்கி, பிசின் மாதிரி இறுகுகிற ரெசினைத் தடவுவது என் வேலை.

வீட்டில் தறி இருக்கும்போது பெண்ணுக்கு அங்கே என்ன வேலை என்று எங்கள் தெருவே கேட்டது. அப்பா ஒரே நிபந்தனையோடுதான் அனுப்பினார்.

"ஏதானா தப்பு பண்ணி அவங்க திருப்பி அனுப்புனா, அடுத்த முகூர்த்தத்துல கல்யாணம். அப்புறம் பேசக் கூடாதுமா."

மாப்பிள்ளைகூடத் தயார்! ஒரு முறை வந்து, கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, செல்போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனவர். அதனால் நான் ரொம்ப ஜாக்கிரதையாக வேலை செய்தேன்.

அப்போதுதான் சென்னையிலிருந்து கௌதம் வந்தார். கார் ரேஸ் ஓட்டுகிறவர். அவருடைய ஸ்போர்ட்ஸ் காரின் இரும்பு பானெட்டுக்குப் பதிலாக கார்பன் ஃபைபரில் ஒன்று வேண்டும். எடை குறைந்தால் வண்டி சீறிக்கொண்டு போகுமாம். துணியையும் அவரே கொண்டுவந்தார். கன்னங்கரேலென்று, பட்டு மாதிரி மின்னிக்கொண்டு... பாவும் ஊடையும் ஒவ்வொரு இழையாகத் தெரிந்தது. தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பெயிண்ட் அடிக்கக் கூடாது, அந்த நெசவு வெளியே தெரிய வேண்டும் என்றார். துணி ஒரு பானெட்டுக்கு மட்டும்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ரேஸ்.

பழைய பானெட்டை வைத்து மோல்டு எடுத்தோம். தேய்த்துத் தேய்த்து, மெழுகு பூசி, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பாக்கினோம். மறுநாள் துணி அடுக்க வேண்டும். மோல்டு பளபளப்பான அன்றைக்கே ஆயுத பூஜை.

பாய் பூஜையில் கலந்துகொள்ள மாட்டார். ஆனால் பொரி கடலையும் பூசணிக்காயும் அவரே கடைக்குப் போய் வாங்கி வந்தால்தான் திருப்தி. நாங்கள் கும்பிடும்போது கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பார். நான் கத்தரிக்கோல், பிரஷ், டிரில் என்று ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே போனேன். கடைசியில் மோல்டு. பாய் அதை 'அச்சு' என்றுதான் சொல்வார். எங்கள் வீட்டிலும் தறியில் பாவு இழைகளைக் கோக்கிற அச்சு உண்டு. பூஜையன்று முதல் பொட்டு அதற்குத்தான். கை தானாகப் போய்விட்டது... பளபளவென்றிருந்த மோல்டு முகத்தின் நட்ட நடுவில் குழைத்த மஞ்சள், அதன்மேல் குங்குமம்.

மறுநாள் காலையில் அதைப் பழந்துணியால் துடைத்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தேன். போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மோல்டைத் திறந்தோம். பானெட் அழகாகக் கழன்று வந்தது. திருப்பிப் போட்டால்... நடுவில், கண்ணாடி மாதிரி இருந்த ரெசினுக்குள், கட்டைவிரல் அகலத்துக்குச் சிவப்பாக ஒரு பொட்டு! மெழுகில் ஊறியிருந்த குங்குமத்தை ரெசின் இழுத்துக்கொண்டுவிட்டது.

எமரித் தாள் போட்டுத் தேய்த்தோம். ஓரத்தில் இருந்த மஞ்சள் போனது, சிவப்பு போகவில்லை. இன்னும் தேய்த்தால் துணியின் இழை அறுந்துவிடும் என்று பாய் நிறுத்தச் சொன்னார். வேறு துணியும் கிடையாது. போச்சு... வேலை போச்சு, அந்தக் கேசரிக்காரர்தான் எனக்கு என்று முடிவே செய்துவிட்டேன்.

மதியம் கௌதம் வந்தார். பானெட்டைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"என்ன பாய் இது? யார் பண்ணது?"

நான் வாயைத் திறப்பதற்குள் பாய் முந்திக்கொண்டார்.

"நாந்தாம்பா வெச்சேன்."

கௌதம் பாயின் தொப்பியைப் பார்த்தார். தாடியைப் பார்த்தார்.

"நீங்களா? பொட்டா?"

"ஏன், நா வெச்சா ஒட்டாதா? ஒட்டிக்கினு வரவே மாட்டேங்குது பாரு!"

கோபமாக இருந்தவர் சிரித்துவிட்டார். ஒற்றைக் கையால் பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். இன்னொரு தடவை தூக்கினார். "வெயிட் சூப்பர் பாய். எப்படியும் அந்த இடத்துல ரேஸ் நம்பர் ஒட்டணும்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏற்றினார். நான் ரெசின் டிரம்முக்குப் பின்னால் போய் நன்றாக அழுதேன். பாய் அப்பாவிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. கல்யாணம் பல வருஷம் கழித்து, எனக்குப் பிடித்தவரோடு நடந்தது.

இப்போது ஒரகடம் பக்கம் ஒரு பெரிய கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் பார்க்கிறேன். அதே கார்பன் பேனல்கள்தான். ஏசி ஹால், கையுறை, மாஸ்க்... வாசனையே கிடையாது. பேனலில் ஊசிமுனை அளவு குறை இருந்தாலும் கேமரா பதிவை ஓட்டிப் பார்த்து, யார் கை என்று ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவோம். அந்தப் பெயரை ரிப்போர்ட்டில் எழுதுவது நான்தான். போன வாரம் ஒரு பெண்ணின் பெயரை எழுதினேன். அன்று முழுக்க மனசு சரியில்லை.

பட்டறையை மூடிவிட்டு மகள் வீட்டில் இருக்கிற பாய்க்கு அன்றைக்கு போன் போட்டேன். இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டேன்.

"எனக்காக ஏன் பாய் பொய் சொன்னீங்க?"

"பொய்யி இன்னாம்மா? நீ வெக்கிறப்போ நா பக்கத்துலயே நின்னுக்கினு பாத்துக்கினுதானே இருந்தேன். அங்க வெக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். பூஜையில நாம போயி எப்டி சொல்றதுன்னு உட்டுட்டேன். அப்போ அது என் தப்பும்தானே?"

எங்கள் ரிப்போர்ட்டில் பெயர் எழுத ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது.