அவளுக்குக் காட்டாத கடற்பாசி

என் மகள் நான்கு வயதைத் தொடுவதற்கு இரண்டு மாதம் இருக்கும்போது டெங்குக் காய்ச்சலில் போய்விட்டாள். பிறந்தநாளுக்கு டே கெயாரில் என்ன கொடுப்பது என்ற கதை மட்டும் அதற்கு முன்பே பேசி முடிந்திருந்தது. முடிந்தது என்று சொல்வது லேசு. அதற்குள் அவள் என்னைப் படுத்திய பாடு எனக்குத்தான் தெரியும்.

ஓர்ஸ் ஹில்லில் நான் வேலை செய்யும் கந்தோருக்குப் பக்கத்து ஒழுங்கையில் இருந்தது அந்த டே கெயார். பிறந்தநாள் வந்தால் அந்தப் பிள்ளை ஏதாவது கொண்டுபோய் எல்லாருக்கும் தன் கையால் கொடுக்க வேண்டும். இது ஒரு பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். கேட்காதீர்கள். அந்த முறை பிறந்தநாள் வெள்ளிக்கிழமையில் வந்து தொலைத்தது. முட்டை போட்ட கேக் கொண்டுபோனால், அன்றைக்கு மரக்கறி என்று எங்கள் சைவப் பிள்ளைகளில் பாதிப் பேர் தொட மாட்டார்கள். கடை ஜெலியில் எந்த எலும்பைக் காய்ச்சிப் போடுகிறார்களோ, முஸ்லிம் பிள்ளைகளுக்கு அது ஆகாது. டொபி என்றால் பல் சூத்தையாகும் என்று டீச்சர் கண்டிப்பாகத் தடுத்திருந்தார். என் மகளுக்கோ ஜெலிதான் வேண்டும். அதுவும் ஆடுகிற ஜெலி.

“அதை உன்ர கூட்டாளி சாப்பிட மாட்டா பிள்ளை” என்றேன்.

கூட்டாளி என்பது கிண்ணியாவிலிருந்து தினமும் தகப்பனின் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து வருகிற ஒரு முஸ்லிம் வீட்டு வாயாடி. இரண்டும் ஒன்றாகத்தான் படுக்கும், ஒன்றாகத்தான் சண்டை பிடிக்கும்.

“அவ சாப்பிடாட்டி எனக்கும் வேணாம்” என்றாள் மகள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனா ஜெலிதான் வேணும்” என்றாள்.

இதற்கு டீச்சர்தான் வழி காட்டினார். அவரும் கிண்ணியா முஸ்லிம்தான். “கடப்பாசி காய்ச்சுங்க அக்கா. முட்டையும் இல்ல, எலும்பும் இல்ல. எல்லாப் புள்ளயளும் சாப்பிடும்” என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்பாசியைக் காய்ச்சி, றோஸ் சிரப் விட்டு, சின்னச் சின்ன பிளாஸ்டிக் கப்புகளில் ஊற்றி வைத்தேன். இறுகியதும் அவள் ஒரு கப்பை விரலால் தட்டிப் பார்த்தாள். ஆடியது. “ஓம், இதுதான்” என்றாள், பெரிய மனுசி மாதிரி. தன் கூட்டாளிக்குத்தான் முதல் கப் என்று அடுத்த நாளே போய்ச் சொல்லியும் விட்டாள். அந்தக் கிழமை முடிவதற்குள் காய்ச்சல் வந்தது. அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

பிறந்தநாள் கிட்ட வர வர, கொண்டுபோகத்தான் வேண்டும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது.

“விசரே உமக்கு?” என்றார் கணவர். “பிள்ளை இல்லாம ஆருக்குப் பிறந்தநாள்? சனம் என்ன கதைக்கும்?”

“சனம் கதைச்சாக் கதைக்கட்டும். சனமோ என்ர பிள்ளையைத் திருப்பித் தரப்போகுது?” என்று கத்தினேன்.

அவள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அந்தப் பிள்ளைகள் எல்லாரும் அவள் பெயரில் ஒரு வாய் சாப்பிட வேண்டும், அந்தக் கூட்டாளி கட்டாயம் சாப்பிட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். டீச்சருக்கு போன் எடுத்துக் கேட்டேன். “வாங்க அக்கா” என்றார்.

வெள்ளிக்கிழமை விடியக்காலையில் எழும்பிக் காய்ச்சினேன். கப்புகளில் ஊற்றித் தட்டில் அடுக்கி ஆற விட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் தட்டு மேசையில் இல்லை. அறைக்குள் மகளின் படத்துக்கு முன்னால் இருக்கிறது. விளக்கு எரிகிறது, கற்பூரம் எரிந்து முடிகிறது, கணவர் கைகூப்பி நிற்கிறார். இரண்டு மாதமாக அந்தப் படத்தை நிமிர்ந்தும் பாராத மனுசன்.

“என்னப்பா செய்தனீங்கள்?”

“பிள்ளைக்குத்தானே முதல்ல குடுக்க வேணும்.”

“படைச்சிட்டீங்களோ? முழுத் தட்டையுமோ?”

அவருக்கு விளங்கவில்லை. படைத்த சாப்பாட்டை முஸ்லிம் ஆட்கள் சாப்பிட மாட்டார்கள். நான் டவுனில் பிறந்து வளர்ந்தவள். எங்களுக்கும் பக்கத்து முஸ்லிம் வீட்டுக்கும் ஒரு மதில்தான். பொங்கலன்று அவர்களுக்கென்று ஒரு பாத்திரத்தில் எடுத்து மூடி வைத்த பிறகுதான் அம்மா கற்பூரமே கொளுத்துவார். இவர் சல்லிக் கிராமத்து ஆள். அங்கே சுற்றிவரச் சொந்தக்காரர்கள், அம்மனுக்குப் படைத்தால் ஊரே சாப்பிடும். இவருக்கு இது எங்கே தெரியப்போகிறது!

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. “இவ்வளவு நாளும் எங்க போனது உங்கட பாசம்? இண்டைக்குத்தானோ பொங்கினது?” என்று தொடங்கி வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர், “சொல்லாமக் குடுத்தா ஆருக்குத் தெரியும்?” என்றார் மெதுவாக.

“எனக்குத் தெரியுமே!”

அவர் குசினிக்குப் போய்க் கதிரையில் இருந்து அழுதார். நான் தேற்றவில்லை. எனக்கு அதற்குத் தெம்பும் இல்லை, மனமும் இல்லை.

அலுமாரியில் கொஞ்சம் கடற்பாசி மிச்சம் இருந்தது. கந்தோருக்கு லீவு சொல்லிவிட்டு மறுபடியும் அடுப்பை மூட்டினேன். நான் சொல்லாமலே அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்க் கப்புகள் வாங்கி வந்தார். வாங்கிய கப்புகளைத் தானே கழுவித் துடைத்தும் தந்தார். ஊற்றி முடித்ததும் பக்கத்தில் வந்து நின்று கேட்டார்.

“இதில ஒண்டு பிள்ளைக்கு எடுத்து வைக்கட்டோ?”

“ஏலாது. இதை அவளுக்குக் காட்டவும் கூடாது.”

சொன்ன பிறகுதான் நான் சொன்னது என்னவென்று எனக்கே உறைத்தது. அவளுடைய பிறந்தநாள். அவள் பார்த்துப் பார்த்துத் தெரிவு செய்தது. அதை அவளுக்குக் காட்டக் கூடாதாம்! சிரப் மணம் வீடு முழுக்க நின்றது. அவர் போய் அந்த அறையின் கதவை மெல்லச் சாத்தினார், நித்திரையாகிவிட்ட பிள்ளையை எழுப்பாமல் சாத்துவது போல. அதோடு அவர் மேல் இருந்த கோபம் எனக்குப் போய்விட்டது. அழுகைதான் வந்தது.

பிள்ளைகளின் பத்து மணிச் சாப்பாட்டு நேரத்துக்கு ஆட்டோவில் போய் இறங்கினேன். டீச்சர் கேற்றடிக்கே வந்து என் கையைப் பிடித்தார்.

“டீச்சர், இது படைக்காதது” என்றேன்.

“நான் கேக்கல்லயே அக்கா” என்றவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிள்ளைகள் பாயில் வட்டமாக இருந்தார்கள். கூட்டாளிக்குத்தான் முதல் கப் கொடுத்தேன். பிறகு ஒவ்வொருவருக்கும். பிறந்தநாள் பாட்டை டீச்சர் தொடங்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. எல்லார் கையிலும் கப் இருந்தது. ஆனால் ஒருவரும் சாப்பிடவில்லை.

“சாப்பிடுங்க புள்ளயள்” என்றார் டீச்சர்.

ஒரு பிள்ளைகூடக் கரண்டியைத் தொடவில்லை. கூட்டாளி வாசல் பக்கம் பார்த்தாள். பிறகு, “பேர்த்டே புள்ள இன்னும் சாப்பிடல்லயே டீச்சர்” என்றாள்.

அது அங்கே டீச்சர் பழக்கிய ஒழுங்கு. பிறந்தநாள் பிள்ளை முதல் வாய் சாப்பிட வேண்டும், அதற்குப் பிறகுதான் மற்றவர்கள். டீச்சர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். விடியக்காலையில் நான் அந்த ஏச்சு ஏசிய மனுசனும் இதைத்தானே செய்தார்.

பாயில் அவர்களோடு இருந்தேன். “அவ இனி வர மாட்டா பிள்ளையள். அவவின்ர பங்கை அம்மா சாப்பிடுறன்” என்றேன்.

ஒரு கப்பை எடுத்தேன். மகள் போன பிறகு இனிப்பென்று ஒன்றை நான் வாயில் வைத்ததில்லை. ஒரு கரண்டி எடுத்து வைத்தேன். எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழுங்கினேன்.

கூட்டாளி முழங்காலில் நகர்ந்து என் முகத்துக்குக் கிட்ட வந்தாள்.

“வாயத் திறந்து காட்டுங்க அன்ரி.”

திறந்து காட்டினேன். நன்றாக எட்டிப் பார்த்தாள்.

“முழுங்கிட்டாங்க” என்று மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டு, தன் கப்பை எடுத்துச் சாப்பிடத் தொடங்கினாள்.