ஓவசியர் வீட்டு ரயில்

ரயில் ஓட்டும் அந்த மேசையை ஓவசியர் வீட்டு முன்னறைக்குள்ளேயே வைத்து ஆணியடித்தது எங்கள் மூன்று பேருடைய மடத்தனம். பலகைகளை ஒவ்வொன்றாக வாசலால் கொண்டுபோனோம். எல்லாவற்றையும் சேர்த்து அடித்து முடித்த பிறகுதான், இது இனி எந்த வாசலாலும் வெளியே வராது என்பது விளங்கியது. நீர்ப்பாசன இலாகாவில் ஓவசியராக இருந்தவர், ஊர் வாய்க்கால்களையெல்லாம் அளந்தவர், தன் வீட்டுக் கதவை அளக்க மறந்துபோனார். "வெளிய கொண்டு போற தேவை என்ன இரிக்கி?" என்று சிரித்தார். அது எழுபதுகளின் கடைசி. அவருடைய மகள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

ஓவசியர் வீடு இருந்த கல்முனைக்கு ரயில் கிடையாது. தண்டவாளம் மட்டக்களப்போடு நின்றுவிட்டது. இன்றும் அங்கேதான் நிற்கிறது. எங்களுக்கு ரயில் வந்தது குவைத்திலிருந்து. ஓவசியரின் மச்சான் அங்கே வேலை செய்து திரும்பியபோது கொண்டுவந்த சாமான்களில் கசெட் ரேடியோவையும் சாரிகளையும் உரியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கேட்பாரில்லாமல் மிஞ்சியது ஒரு விளையாட்டு மின்சார ரயில்: என்ஜின், மூன்று பெட்டி, வட்டமாகப் பூட்டும் தண்டவாளம். அதைத் தரையில் ஓடவிட்டுப் பார்த்த அன்றே ஓவசியர் கெட்டுப்போனார். அடுத்துக் கெட்டவர், அதன் ட்ரான்ஸ்ஃபோமரைத் திருத்த வந்த ரேடியோ மெக்கானிக். கல்முனைத் தமிழர், கடற்கரையில் மீன்பிடிக் குடும்பம். மூன்றாவது நான், நிந்தவூரிலிருந்து பஸ்ஸில் வந்து கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதும் லிகிதராக இருந்தவன்.

சனிக்கிழமை பின்னேரங்களில், ஓவசியர் அஸர் தொழுதுவிட்டு வந்ததும் கூடுவோம். கிழமை முழுக்கத் தேடியதை ஆளுக்காள் தீப்பெட்டிக்குள் கொண்டுவந்து மேசையில் கொட்டுவோம். மெக்கானிக், எரிந்துபோன மோட்டார்களிலிருந்து கழற்றிய செம்புக் கம்பியை முறுக்கித் தென்னை மரம் செய்தார். கரையொதுங்கிய பாசியைக் காயவைத்துப் பற்றைக்காடு ஆக்கினார். நான் உடைந்த முகம்பார்க்கும் கண்ணாடியால் ஒரு குளம் வைத்தேன். சண்டை வந்தது ஸ்டேசன்களால். எனக்கு நிந்தவூர் வேண்டும், மெக்கானிக்குக் கல்முனை வேண்டும், ஓவசியருக்குத் தான் பிறந்த சாய்ந்தமருதை விட மனமில்லை. மூன்றையும் வைத்தோம், இடையில் இருக்கும் காரைதீவுக்கு இடமே கிடைக்கவில்லை. என்ஜின் நிந்தவூருக்குள் நுழையும்போது கடைசிப் பெட்டி இன்னும் சாய்ந்தமருதிலேயே நிற்கும். "நம்மட ஊருகளும் அப்பிடி ஒட்டித்தானே இரிக்கி" என்றார் ஓவசியர்.

ஆனால் அந்த மேசைக்கு அழகு அதன் வயல். அது ஓவசியருடைய மகளின் வேலை. பிற ஆண்கள் இருக்கும் அறைக்குள் அவள் வரமாட்டாள். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் மட்டும் கேட்கும். நாங்கள் போன பிறகு வந்து, சாயத்தில் ஊறவைத்துக் காயவைத்த உமியைப் பசை பூசிய பலகையில் தூவுவாள். ஊரில் வேளாண்மை பச்சையாக நின்றால் மேசையிலும் பச்சை, ஊரில் கதிர் பழுத்தால் மேசையிலும் மஞ்சள். வெட்டு முடிந்ததும் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டுத் தேயிலைச் சக்கையைப் பரப்பி வைப்பாள். அவளுடைய யோசனைகளை ஓவசியர்தான் எங்களிடம் சுமந்து வருவார். "மகள் சொல்றா, உங்கட குளத்துக்கு வான்கதவு இல்லையாம்." மிஞ்சும் தண்ணீரைத் திறந்துவிடும் கதவு, நீர்ப்பாசன ஓவசியருக்கே தோன்றாத விசயம் அது. அடுத்த கிழமை தகரத்தில் ஒரு வான்கதவு வெட்டிக்கொண்டு போனேன். அதற்கடுத்த கிழமை, "மகள் சொல்றா, நல்லா இரிக்காம்" என்று வந்தது. அன்றிரவு அதை என் வீட்டுக்காரியிடம் இரண்டு தடவை சொன்னேன். அவ்வளவு சந்தோசம் எனக்கு.

பிறகு அந்தப் பிள்ளைக்குச் சம்பந்தம் பேசி முடிந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து குடியிருப்பார். பெற்றோர் பின்வளவில் சின்னதாக ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். ஓவசியரும் ஒரு காலத்தில் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர்தான். வீடு பார்க்க வந்த மாப்பிள்ளை பகுதியார், காற்று வரும் அறை இதுதான், மணமக்கள் தங்கும் மணவறைக்கு இதை ஒதுக்கித் தாருங்கள் என்று மரியாதையாகவே கேட்டுவிட்டுப் போனார்கள். நியாயமான பேச்சு. ஆனால் மேசையை அறுக்காமல் வெளியே எடுக்க வழியில்லை, அறுத்தால் அது மேசையுமில்லை. ஓவசியர் மரம் அறுக்கும் வாள் ஒன்றை இரவல் வாங்கி வைத்துக்கொண்டு எங்களுக்கு ஆளனுப்பினார்.

அன்று வயல் மஞ்சளாக இருந்தது. என்ஜினையும் பெட்டிகளையும் துணியில் சுற்றி வைத்தோம். மெக்கானிக் தென்னைகளைப் பிடுங்கினார். நான் தண்டவாளத்தைக் கழற்றினேன். "புள்ளைக்கு நல்ல காரியம் நடக்கப்போகுது. இதென்ன, வெறும் பலகைதானே" என்று ஓவசியர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வாளை வயலின் நடுவில் வைத்தார், கை ஓடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு மெக்கானிக்கிடம் நீட்டினார்.

"நீங்க அறுங்க தம்பி."

"என்னால ஏலாது ஐயா."

திரைச்சீலை விலகியது. மகள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். இத்தனை வருடத்தில் அவள் குரலை நாங்கள் நேராகக் கேட்டது அன்றுதான்.

"வாப்பா, இந்த வீடு ஆருக்கு?"

"உனக்குத்தான் மகள்."

"அப்ப வாளை அங்கால வையுங்க. வீட்டில நாலு அறை இரிக்கி. மாப்பிள்ளைய எங்கயும் வைக்கலாம். ரயில எங்க வைக்கிற?"

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த ஓவசியரின் மனைவி சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். ஓவசியர் கண்ணைத் துடைத்துக்கொண்டே தண்டவாளத்தைத் திரும்பப் பூட்டினார்.

கல்யாணம் நடந்தது. மணவறை பின்னறையில்தான். அங்கே காற்று மருந்துக்கும் கிடையாது. புதுமாப்பிள்ளை இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் பகல் பாயைச் சுருட்டிக்கொண்டு முன்னறைக்கு வந்து மேசைக்குக் கீழே விரித்துப் படுத்தாராம். கொஞ்ச நேரத்தில் தலையை வெளியே நீட்டி, "மாமா, இத எப்பிடி ஓட்டுற?" என்று கேட்டாராம்.