முட்டை ரூமில் ஒரு சைக்கிள்

சர்க்கரை இருப்பது தெரிந்த பிறகு மூன்றாவது முறையாக நாமக்கல்லுக்குப் போனபோது, டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டி எழுதிவிட்டு, "நடக்கறீங்களா?" என்று கேட்டார். தோட்டத்தில் நாள் முழுக்க நடந்துகொண்டுதானே இருக்கிறேன் என்றேன்.

"அது வேலைங்கம்மா. நான் கேக்கறது நடை. மூச்சு வாங்கற மாதிரி, நிக்காம நடக்கோணும்."

எங்கள் தோட்டம் புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே போகும் தார்ச்சாலையை ஒட்டி இருக்கிறது. மறுநாளே அந்தச் சாலையில் நடக்க ஆரம்பித்தேன். நடப்பதில் சிரமம் இல்லை, நிறுத்திக் கேட்பவர்கள்தான் தொல்லை. பால் ஊற்றப் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி, "எங்கீங்கக்கா, பஸ்ஸுக்கா? ஏறுங்க, கொண்டுபோய் உடறேன்" என்பார்கள். சும்மாதான் நடக்கிறேன் என்றால் நம்பமாட்டார்கள். வீட்டில் ஏதோ மனஸ்தாபம் என்று நினைத்து என் கணவருக்குப் போன் போட்டவர்களும் உண்டு. அதையெல்லாம் சமாளித்திருப்பேன். ஆனால் மழை பெய்த மறுநாள் காலையில், பக்கத்துப் பண்ணை நாய்கள் இரண்டு குரைத்துக்கொண்டு வர, பதறி ஓடிப் பள்ளத்தில் கால் மடங்கி விழுந்தேன். கணுக்கால் வீங்கிவிட்டது. அத்தோடு நடை நின்றது.

கோயமுத்தூரில் வேலை பார்க்கும் மகன் போனில், "ஊட்டுக்குள்ளயே நடக்கற மிசின் இருக்குதும்மா. அப்பாவக் கூட்டிக்கிட்டு சேலம் போயிப் பாருங்க" என்றான்.

போனோம். கடையில் இருந்த பெண்மணி என்னை ஒரு டிரெட்மில்லில் ஏற்றி, பட்டனை அழுத்தினார். காலுக்குக் கீழே பட்டை நகர்ந்ததும் எனக்கு மறுபடியும் அந்தப் பள்ளம் ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தச் சொன்னேன்.

அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை. "ஊட்ல கரண்டு எப்படிங்க?" என்று என் கணவரிடம் கேட்டார்.

"தோட்டத்து ஊடுங்க. லோ வோல்டேஜ். மோட்டார் போட்டா ஃபேன் நின்னுக்கும்."

"அப்ப இது வேண்டாமுங்க. சைக்கிள் வாங்கிக்குங்க. கரண்டே தேவையில்ல."

எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. நான் பிறந்தது ஆட்டையாம்பட்டி. பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி இருந்தது. அதனால் எங்கள் வீட்டுப் பெண்கள் யாருக்கும் சைக்கிள் தேவைப்படவில்லை. ஐம்பத்திரண்டு வயதில், கடையில் அத்தனை பேர் முன்னால், அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. மெதுவாகச் சொன்னேன்.

"இது நின்ன எடத்துலயே சுத்தறது, கீழ உழுகாதுங்கம்மா. மிதிச்சாப் போதும்" என்றார் அவர்.

சைக்கிள் அட்டைப்பெட்டியில் வந்து சேர்ந்தது. என் கணவர் கோழிக்கூண்டு மாட்டும் ஸ்பேனர்களை எடுத்துவந்து ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து பூட்டினார். அதை வைப்பதற்கு முட்டை ரூமைத் தவிர இடம் இல்லை. பண்ணை சிறிதாக இருந்த காலத்தில் முட்டை அட்டைகளை அடுக்கிவைத்த அறை அது. இப்போது எல்லாம் புதுக் கொட்டகைக்குப் போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. அந்த அறையில் ஒரே ஒரு ஜன்னல். நாலைந்து வருடமாக அதை நான் திறந்ததில்லை.

காரணம் இதுதான். ஜன்னலுக்கு வெளியே வண்டிப்பாதை. பாதைக்கு அந்தப் பக்கம் என் கொழுந்தனார் வீட்டுப் புறக்கடை. அவர் மனைவி, என் ஓரகத்தி, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நானும் அவளும் ஒரே அடுப்படியில் சமைத்தவர்கள். பாகம் பிரித்தபோது அவர்கள் அந்தப் பக்கம் வீடு கட்டிக்கொண்டார்கள். எங்கள் பண்ணைக்குத் தீவனம் ஏற்றிவந்த லாரி ஒருநாள் அவர்களுடைய தண்ணீர்க் குழாய்மேல் ஏறி உடைத்துவிட்டது. பாதை யாருடையது என்று பேச்சு வந்தது. அண்ணனும் தம்பியும் சத்தம் போட்டார்கள். பிறகு மறுவாரமே சேர்ந்து உட்கார்ந்து குழாயை மாற்றிவிட்டு, ஒரே வண்டியில் சந்தைக்குப் போய்வந்தார்கள். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேர் பேசிய பேச்சு மட்டும் அப்படிப் போகவில்லை. விசேஷ வீடுகளில்கூட அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

முதல் நாள் சேலையோடு ஏறினேன். கொசுவம் பெடலில் சிக்கிக் கிரீஸ் ஆகிவிட்டது. "நைட்டியப் போட்டுக்கிட்டு, ஏத்திச் சொருகிக்க. இங்க யாரு பாக்கறா?" என்றார் என் கணவர். அப்படியே செய்தேன். மிதிக்க மிதிக்க அறை சூளை மாதிரி கொதித்தது. வேறு வழியில்லாமல் ஜன்னலைத் திறந்தேன்.

நேர் எதிரே அவள் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். கெண்டைக்கால் தெரிய நான் இந்தக் கோலத்தில். அவள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி குனிந்துகொண்டாள். மூடினால் வீம்புக்கு மூடியதாக ஆகும். மூடாமலே மிதித்தேன். அடுத்த நாளும் அப்படித்தான். அவள் பாத்திரம், நான் சைக்கிள்.

சில நாள் போயிருக்கும். இரண்டு முழங்காலும் வெளிப்பக்கமாக விரிய, நான் மூச்சுவாங்க மிதித்துக்கொண்டிருந்தேன். அவள் கையில் இருந்த சாம்பலைத் தட்டிவிட்டு எழுந்தாள். பாதை ஓரம் வரைக்கும் வந்து நின்றாள்.

"சீட்டை ஏத்தி வெய்யிங்கக்கா. முட்டி போயிரும்."

இறங்கி, சீட்டுக்குக் கீழே இருந்த திருகைப் பிடித்தேன். அசையவில்லை.

"எடது பக்கமாத் திருகி, வெளிய இழுங்க."

இழுத்துக்கொண்டே தூக்கியதும் சீட்டு மேலே வந்தது. ஏறி மிதித்துப் பார்த்தேன். கால் நன்றாக நீண்டது. அவள் தலையை ஆட்டிவிட்டுப் பாத்திரக் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சைக்கிளைப் பற்றி அவளுக்குத் தெரியாமல் இருக்காது. தன் கூடப்பிறந்த அண்ணனுடைய பழைய சைக்கிளில் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தவள்.

சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன். "இன்னைக்கு அவ பேசுனா."

"என்ன பேசுனா?"

"சீட்டை ஏத்தச் சொன்னா."

சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார். "ஏத்துனியா?"

"ம்."

"அப்பச் சரி" என்றார்.

அதற்குப் பிறகும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஒரு நாள் காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். இட்லி ஊற்றலாம் என்று போகும்போது கோழி ஏற்றும் வண்டி வந்துவிட்டது. கணவர் ஊரில் இல்லை. வந்தவர்களுக்கு ஆக வேண்டியதைப் பார்த்து அனுப்பிவிட்டு, சாப்பிடவில்லை என்பதே நினைவில்லாமல் சைக்கிளில் ஏறிவிட்டேன். கொஞ்சநேரத்தில் கை நடுங்கியது. உடம்பெல்லாம் குளிர்ந்த வேர்வை. ஜன்னல் கம்பிகள் ஒன்றோடொன்று சேர்ந்து தெரிந்தன. இறங்கலாம் என்று நினைத்தேன், கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கைப்பிடிமேல் தலையைச் சாய்த்துக்கொண்டது மட்டும் ஞாபகம்.

அடுத்து எனக்குத் தெரிந்தது, வாயில் சொம்பின் விளிம்பு. சர்க்கரைத் தண்ணீர்.

"குடிங்க. முழுசுங் குடிங்க."

ஓரகத்தி என் முதுகைத் தன் தோள்மேல் தாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அப்பாவுக்கும் சர்க்கரை. அதனால் பார்த்ததுமே தெரிந்துவிட்டது என்று பின்னால் சொன்னாள். பாதையைத் தாண்டி, எங்கள் புறக்கடைக் கதவு வழியாக வந்து, என் அடுப்படியில் சர்க்கரை டப்பாவை எடுத்திருக்கிறாள். தேட வேண்டியிருக்கவில்லை. அவள் இருந்த காலத்தில் வைத்த அதே பலகையில்தான் இன்னும் இருந்தது.

நடுக்கம் நின்றதும் திட்ட ஆரம்பித்தாள். "மாத்திரையப் போட்டுக்கிட்டு வெறும் வயித்தோட யாராச்சும் இதுல ஏறுவாங்களா? நாம் பாக்காம இருந்தா என்னாயிருக்கும்?"

"வண்டிக்காரங்க வந்துட்டாங்க அம்முணி. மறந்து போச்சு."

ஒரே வீட்டில் இருந்தபோது கூப்பிட்ட மாதிரி அம்முணி என்று எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. அவள் எழுந்துபோய் இட்லி ஊற்றினாள். நான் சாப்பிடும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"நீயும் சாப்புடு."

"நா அப்பவே சாப்புட்டேனுங்க." சற்று நேரம் கழித்து, "ஒண்ணு வெய்யிங்க" என்றாள்.

மறுநாளிலிருந்து நான் ஜன்னலைத் திறக்கும் சத்தம் கேட்டதும், "சாப்புட்டாச்சுங்களா?" என்று அங்கிருந்து குரல் வரும். ஆச்சு என்று சொன்ன பிறகுதான் ஏறுவேன். ஒருநாள் பதிலுக்குக் காத்திராமல் உள்ளேயே வந்துவிட்டாள். சைக்கிளைச் சுற்றிப் பார்த்தாள். "நா ஒருக்கா ஓட்டிப் பாக்கட்டுங்களா?" என்றாள். சேலையை இரண்டு இழுப்பில் தார்பாய்ச்சிக் கட்டினாள். ஏறி உட்கார்ந்து, கையை விட்டுவிட்டு, நிமிர்ந்தபடி அப்படி ஒரு வேகத்தில் மிதித்தாள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"இதுல பெல் இல்லீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டு, தானே சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது.

அதன்பிறகு காலையில் நான், சாயங்காலம் பொழுதோடு அவள். அவள் மிதிக்கும்போது நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். மூச்சு வாங்குவதால் அரைகுறையாகத்தான் பேசுவாள். மாடு கன்று போட்டது, மருதாணிச் செடி பட்டுப்போனது, மகளுக்கு வரன் பார்ப்பது, இப்படி. குழாய், பாதை என்று அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அடுத்த பரிசோதனையில் சர்க்கரை இறங்கியிருந்தது. டாக்டரம்மா ஒரு மாத்திரையைக் குறைத்தார்.

போன மாசி மாதம், மிதித்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"மேச்சேரிப் பக்கமிருந்து புள்ளையப் பாக்க வாராங்கக்கா. ஞாயித்துக்கெழமை."

"நல்ல இடமா?"

"நல்ல இடமுன்னுதான் சொல்றாங்க." முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "நீங்கதான் முன்ன நிக்கோணும். எனக்கு அவுங்ககிட்ட என்ன பேசறது, எப்புடிப் பேசறதுன்னு ஒண்ணுந் தெரியாது."

"எத்தன பேரு வாராங்க?"

"பத்துப் பேருக்கு மேல இருக்குமுங்க."

"அப்ப நாளைக்கே முறுக்குச் சுட்டுரலாம். பெரிய வாணலி எங்கிட்ட இருக்குது" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்களை அவள் வீட்டு வாசலில் நின்று நான்தான் வரவேற்றேன். பெண்ணுக்குத் தலை பின்னிப் பூ வைத்ததும் நான்தான். மாப்பிள்ளையின் அத்தை நல்ல விவரமானவர். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, என்னைக் காட்டி, "இவுங்க யாருங்க?" என்று கேட்டார். காப்பித் தட்டோடு நின்றிருந்த என் ஓரகத்தி நான் வாயைத் திறப்பதற்குள், "புள்ளைக்குப் பெரியம்மாங்க. எதுன்னாலும் அக்காகிட்டயே கேட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்தவருக்குக் காப்பி கொடுக்கப் போனாள்.