டவர் வளைவில் மலைப் பக்க சீட்

பஸ்ஸில் ஆட்களைக் கவனிக்கும் யோசனை எனக்கு வந்தது மலைப்பாதையின் நான்காவது வளைவில், கண்ணை இறுக மூடிக் குனிந்திருந்தபோது. லேசாகத் திறந்தால் கால்கள் மட்டும் தெரிந்தன. என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு ரப்பர் செருப்பு, முன்சீட்டின் கீழே பாலிஷ் போட்ட ஷூ, அதற்கும் முன்னால் மெட்டி போட்ட கால். எல்லாவற்றிலும் அதே அழுத்தல். டிரைவரோடு சேர்த்து அந்த பஸ்ஸே பிரேக் போட்டுக்கொண்டிருந்தது.

பயம் எனக்கு மட்டுமில்லை என்று ஒரு நொடி நிம்மதி. எல்லோருக்கும் பயம் என்றால் அதற்குக் காரணமும் இருக்குமே என்று அடுத்த நொடி தோன்றியது.

இயற்பியல் படித்துவிட்டு ஒன்றரை வருடம் வீட்டில் சும்மா கிடந்த பிறகு கிடைத்த முதல் வேலை இது. ஜவ்வாது மலை மேல் ஒரு பள்ளியில் தற்காலிக அறிவியல் டீச்சர். காலையில் ஏறி மாலையில் இறங்க இந்த ஒரு பஸ்தான். இதில் உட்கார முடியாவிட்டால் வேலை இல்லை. ஆகவே பள்ளத்தைப் பார்க்காமல் ஆட்களைப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

ஆட்களும் குறை வைக்கவில்லை. ஆபீஸ்காரர் ஒருவர் ஏறியதும் தூங்கிவிடுவார். தூக்கத்திலேயே ஒவ்வொரு வளைவுக்கும் சரியான பக்கம் சாய்வார். கண்டக்டர் ஓடும்போது கம்பியைத் தொடமாட்டார், வண்டி நின்றதும் பிடித்துக்கொள்வார். முன்சீட்டுப் பெரியவர் எதிரில் வண்டி வந்தால், "தோ வர்றான், தோ வர்றான்" என்பார்.

"நான் பாக்கலன்னு நெனச்சியா பெருசு?" என்பார் டிரைவர்.

"நீ பாக்கறியான்னு நான் பாக்கறேன்பா."

இதையெல்லாம் ரசித்துக்கொண்டே வருவேன், டவர் வளைவு வரும்வரை.

பாதையிலேயே பெரிய பள்ளம் அங்கேதான். போனுக்கு சிக்னல் கிடைப்பதும் அங்கேதான். கண்டக்டர் நீளமாக ஒரு விசில் அடிப்பார், டிரைவர் விளிம்போரமாக நிறுத்துவார், மொத்த பஸ்ஸும் எழுந்து பள்ளத்துப் பக்கம் போய்விடும். ஜன்னல் எட்டாதவர்கள் போனை ஜன்னலோரம் இருப்பவரிடம் கொடுப்பார்கள். அவர் நாலைந்து போனை விசிறி மாதிரி விரித்து வெளியே நீட்டுவார், மெசேஜெல்லாம் வந்து விழட்டுமென்று. பேசுகிறவர்கள் பேசுவதோ ஒரே பேச்சு: "பஸ்ல கீறேன். டவர் பூடும். இன்னா, கேக்குதா? டவர் பூடும்னேன்." டவர் போய்விடும் என்பதையே சொல்லிச் சொல்லி, பஸ் கிளம்பியதும் வைத்துவிடுவார்கள்.

பஸ் அந்தப் பக்கம் சாய்வது என் முதுகெலும்பில் தெரியும். மூன்றாம் நாள் கண்டக்டரிடம் கேட்டே விட்டேன்.

"அண்ணா, எல்லாரும் ஒரே பக்கம் போனா வண்டி கவுந்துடாதா?"

"இத்தினி வருசமா கவுழலியே டீச்சர்."

"அதுக்காக இன்னிக்கும் கவுழாதுன்னு..."

"அவ்ளோ டவுட்டுன்னா நீங்க மட்டும் இந்தாண்டயே குந்துங்க. சரியா பூடும்."

அன்றிலிருந்து மலைப் பக்க சீட் என்னுடையது. சாமை மூட்டை, பலாப்பழம், ஒருநாள் ஒரு கைக்குழந்தை என்று எல்லாம் என் பக்கம் வந்து சேர்ந்தன. "டீச்சரே, வெயிட்டு பத்துதா?" என்று பின்சீட்டிலிருந்து குரல் வரும். நான் சிரிப்பேன். கம்பியை விடமாட்டேன்.

இன்று மாலை மழை. டவர் வளைவுக்கு முந்தைய வளைவில் சேற்றில் பின்சக்கரம் ஒரு முழம் வழுக்கியது. ஆபீஸ்காரர்கூட விழித்துக்கொண்டார். போனை எடுத்து ஹெட்மாஸ்டருக்குத் தட்டினேன்: சார், நாளையிலிருந்து நான் வரவில்லை, மன்னிக்கவும். அனுப்பியும் விட்டேன். சிக்னல் இல்லாததால் மெசேஜ் பக்கத்தில் சின்னக் கடிகாரம் மட்டும் நின்றது. எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்க அங்கே வேறு ஆள் இல்லை என்பது அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது.

விசில். எல்லோரும் எழுந்தார்கள்.

"டவர் இல்லியா டீச்சர்? குடுங்க, நான் நீட்றேன்." தினமும் புளி மூட்டையோடு வரும் அக்கா. நான் வாயைத் திறப்பதற்குள் போன் கையிலிருந்து போயிருந்தது, நாலு கை மாறி, ஜன்னலுக்கு வெளியே.

எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. பலாப்பழத்தைத் தாண்டி, ஆபீஸ்காரர் காலை மிதித்து, பள்ளத்துப் பக்க ஜன்னலில் இருந்தேன். போனைப் பிடுங்கினேன். மெசேஜ் போய்விட்டிருந்தது. அழித்தேன். உடனே போன் அடித்தது.

"இன்னாம்மா, அனுப்பிட்டு அழிச்சிட்ட?" ஹெட்மாஸ்டர்.

கீழே மரங்களின் உச்சி தெரிந்தது. அதற்கும் கீழே மேகம்.

"ஒண்ணுமில்ல சார். தப்பா போய்ட்ச்சு. காலைல வர்றேன்."

பஸ் நகர்ந்தது. போனில் ஹெட்மாஸ்டர் ஏதோ தேர்வுத்தாள் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். வளைவைத் தாண்டியும் பேசினார். பாதை அகலமாகி, பள்ளமில்லாமல் இரண்டு பக்கமும் மண் இருக்கும் ஒரு இடத்தைத் தாண்டித்தான் குரல் அறுந்தது. அப்படியென்றால் அங்கேயும் சிக்னல் இருக்கிறது. இத்தனை பேரில் யாரும் கவனிக்கவில்லை, எல்லோரும் டவர் பூடும் என்று சொல்லி வளைவிலேயே போனை வைத்துவிடுகிறார்கள்.

ஒரு தடவை போதாது, சரிபார்க்க வேண்டும். நாளைக் காலை முதல் ஆளாக ஏறி, பள்ளத்துப் பக்க ஜன்னலில், போனைக் கையில் வைத்துக்கொண்டு, சிக்னல் எங்கே வருகிறது எங்கே போகிறது என்று குறிக்கப் போகிறேன். அதற்குக் கண்ணைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். அந்த அகலமான இடத்தில் போனில் சிக்னல் இரண்டு கோடு நின்றால் போதும், டிரைவர் அண்ணனிடம் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லிக் கேட்டுப் பார்ப்பேன்.