பாதி போடத் தெரியாதவள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த பட்டறையின் பதினான்கு ஆண்களும் இதை ஒப்புக்கொள்வார்கள். அவர்கள் செய்த சாமான்களை அளந்து பார்த்து, சரியில்லாதவற்றைத் திருப்பி அனுப்புவது என் உத்தியோகம். வாய் இல்லாதவள் அந்த மேஜையில் ஒரு நாள்கூட உட்கார முடியாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆவடியில் ரயிலேறி, பட்டரவாக்கத்தில் இறங்கி, சங்கு ஊதுவதற்குள் ஓடுவேன். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருந்ததால் ஆபீஸ் வேலை என்று நம்பித்தான் சேர்ந்தேன். முதலாளியிடம் டைப்ரைட்டரே இல்லை. கையில் முடியின் கனத்தைக்கூட அளக்கும் ஒரு மைக்ரோமீட்டரைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டார். முதல் வாரம் அழுகை வந்தது. இரண்டாவது மாதத்திலிருந்து அந்தக் கருவியை வேறு யாராவது தொட்டால் கோபம் வந்தது.

அப்போது பெரும்பாலும் அரம்தான். வைஸ் இடுக்கியில் பிடித்துத் தேய்ப்பார்கள், ஊதிப் பார்ப்பார்கள், மறுபடி தேய்ப்பார்கள். ஒரே டிராயிங்கைப் பார்த்து நூறு பின் செய்தால் நூறும் நூறு விதமாக இருக்கும். ஒரு பின் இந்தப் புஷ் வளையத்துக்குள் வழுக்கிக்கொண்டு போகும், பக்கத்துப் புஷ்ஷுக்குள் நுழையவே நுழையாது. எதற்கு எது சேரும் என்று பொறுக்கி, இரண்டிலும் ஒரே நம்பரைக் குத்தி அனுப்புவேன். ஜாதகப் பொருத்தம் பார்ப்பது மாதிரிதான். ஜோடி மாறிப்போனால் சாமான் பாடியில் இருக்கும், எங்களிடம் வாங்குகிற கம்பெனியிலிருந்து அதே லாரியில் திரும்பி வரும். திட்டும் கூடவே வரும்.

பிறகு இரும்பைச் சுழற்றிக் கடைகிற லேத்துகள் கூடின, ஜோடிப் பொருத்தம் குறைந்தது. லேத்தில் எங்களுக்கு ஒரே ராஜாதான். பூந்தமல்லியிலிருந்து சைக்கிளில் வருகிற டர்னர் அண்ணா. இரும்பு சீவப்படும் சத்தத்தைக் கேட்டே டூல் மழுங்கிவிட்டதா என்று சொல்லிவிடுவார். அவருக்கும் எனக்கும் தினமும் சண்டை. நான் திருப்பி அனுப்பிய சாமானைத் தூக்கிக்கொண்டு வந்து, "இன்னாம்மா, உன் மைக்ரோமீட்டருக்குக் கண்ணு தெர்லியா?" என்பார். "உங்க கைக்குத்தான் காது கேக்கலை" என்பேன் நான். ஆனால் நோன்பு மாதத்தில் கஞ்சித் தூக்கு முதலில் என் மேஜைக்குத்தான் வரும். சண்டை போட்ட நாளிலும் வரும்.

நடுவில் ஓர் ஆட்டோமேட்டிக் மெஷின் வந்தது. ஒரே ஒரு சாமானை நாள் முழுக்கத் துப்பிக்கொண்டே இருக்கும். வேறு சாமான் வேண்டுமென்றால் இரண்டு நாள் அதைப் பிரித்துப் போட்டுப் பூட்ட வேண்டும். வாங்குகிற கம்பெனி டிசைனை மாற்றியதும் அது மூலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டது.

தொண்ணூறுகளில் முதலாளி பேங்கில் கடன் வாங்கி கம்ப்யூட்டர் ஓட்டும் சி.என்.சி. லேத் ஒன்று வாங்கினார். டிவி மாதிரி திரை, அதன் கீழே எழுத்துப் பலகை. அளவுகளை அடித்துக் கொடுத்தால் தானே கடைந்துவிடுமாம். வேறு சாமான் வேண்டுமா, வேறு புரோகிராமைக் கூப்பிட்டு, டூலை மாற்றினால் போதுமாம். பூஜையன்று சக்கரமே இல்லாத மெஷினுக்கு எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்று பெரிய விவாதம் நடந்தது. கடைசியில் நான்கு காலுக்கும் முன்னால் வைத்து, அவரவர் செருப்பாலேயே மிதித்துத் தீர்த்தார்கள்.

பூஜை முடிந்து பொரிகடலை கொடுக்கும்போதுதான் முதலாளி என்னிடம் சாதாரணமாகச் சொன்னார். "இனிமே எல்லாம் ஒரே அளவா வரும்மா. செக்கிங் மேஜை எதுக்கு? அடுத்த மாசத்துல இருந்து நீ பேக்கிங்குக்குப் போயிடு."

பத்து வருஷத்துக்கு மேல் அளந்த கையால் அட்டைப் பெட்டி ஒட்டுவதா? எனக்கு அவமானமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அந்த மெஷினை உதைக்கலாம் என்றுகூடத் தோன்றியது.

மெஷினை ஓட்டக் கற்றுக்கொண்டு வந்தவர் முதலாளியின் மச்சினர். பயிற்சி முடிந்த கையோடு திருமழிசையில் ஒரு பெரிய கம்பெனிக்குப் போய்விட்டார். அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. அதற்குள் வாங்குகிற கம்பெனியிலிருந்து தகவல் வந்துவிட்டது: வெள்ளிக்கிழமை ஆள் வருகிறார், ஒரே ஷிப்டில் மூன்று வித சாமான் செய்து காட்டினால் ஆர்டர், இல்லாவிட்டால் வேறு இடம். முதலாளி டர்னர் அண்ணாவை மெஷின் முன்னால் நிறுத்தினார்.

அவர் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடினார். 'எக்ஸ்' கிடைப்பதற்குள் டீ ஆறிவிட்டது. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. "தள்ளுங்கண்ணா, நான் அடிக்கிறேன்" என்று போய் நின்றேன். மச்சினர் விட்டுப்போன கையேட்டை வைத்துக்கொண்டு நான் அடித்தேன், அவர் டூல் பூட்டினார். கரண்ட் போய் வந்தால் மெஷினை அதன் ஆரம்ப இடத்துக்கு அனுப்ப வேண்டும். திரையில் அதற்கு 'ஹோம்' என்று பெயர். அண்ணா அதை, "தங்கச்சி, மொதல்ல அத்த ஊட்டுக்கு அனுப்பு" என்பார். சண்டை போடாமல் நாங்கள் சேர்ந்து வேலை செய்ததை மற்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில்தான் வினை வந்தது. முதல் சாமானின் விட்டம் இருபத்தைந்து மில்லிமீட்டர் இருக்க வேண்டும். நான் அளந்தால் பத்து கூடுதல். பத்து என்றால் மில்லிமீட்டரை நூறாக்கி அதில் பத்து.

"அஞ்சு கொற" என்றார் அண்ணா. அடித்தேன். மறுபடி கடைந்து அளந்தால் ஐந்து கூடுதல்.

"அப்ப ரெண்டரை." அடித்தேன். இன்னும் இரண்டரை கூடுதலாக நின்றது.

அவருக்குக் கோபம் தலைக்கேறியது. "மொதலாளி! ஏமாத்திட்டானுங்க! இது சொன்ன வேலைல பாதிதான் செய்யுது!"

முதலாளி முகம் வெளுத்து, மெஷின் விற்றவருக்குப் போன் போட ஓடினார். வாங்குகிற கம்பெனிக்காரர் வர இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை. மெஷின் திரும்பிப் போனால் என் மேஜை மிச்சமாகும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பொய் சொல்வானேன், நினைத்தேன். ஆனால் ஆர்டர் போனால் பட்டறையே இருக்காது. அதைவிட, அந்த எழுத்துப் பலகை எனக்குப் பிடித்துப்போயிருந்தது.

வழக்கம்போல என் நோட்டில் அடித்ததையும் குறைந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்தேன். அடித்தது ஐந்து, குறைந்தது ஐந்து. அடித்தது இரண்டரை, குறைந்தது இரண்டரை. மெஷின் கேட்டதை முழுசாகத்தான் செய்திருந்தது. பாதியாகக் கேட்டது நாங்கள்.

கை லேத்தில் டூலை ஐந்து உள்ளே தள்ளினால், சுற்றுகிற உருளையின் இரண்டு பக்கமும் ஐந்தைந்தாகப் போய் விட்டத்தில் பத்து குறையும். அதனால் டர்னர்கள் எல்லோருக்கும் பத்து என்றால் கை தானாக ஐந்து போடும். இந்தப் புது மெஷினோ நேரடியாக விட்டத்தையே கணக்கு வைத்திருந்தது. நான் ஒரு நாளும் லேத்தில் நின்றவளில்லை. விட்டத்தை மட்டுமே அளந்தவள்.

நோட்டை அண்ணாவிடம் நீட்டினேன். அன்றைக்கு மட்டும் என் வாய் ஒன்றும் சொல்லவில்லை. அவர் இரண்டு தடவை பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு அப்படிச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "முழுசா அடி தங்கச்சி." மிச்சமிருந்த இரண்டரையை முழுசாக அடித்தேன். அளந்தேன். சரியாக இருபத்தைந்து.

போனும் கையுமாக நின்ற முதலாளியிடம் அவரே போனார். "மெஷினு மேல தப்பில்ல மொதலாளி. நான்தான் பாதி போட்டேன். இருவது வருசத்துக் கை, சொன்னா கேக்காது. மெஷின இந்தப் பொண்ணு கைல குடுத்துடுங்க. இதுக்குப் பாதி போடத் தெரியாது."

முதலாளி என்னையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார். பதில் சொல்வதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

சாப்பாட்டு நேரத்துக்குள் மூன்று வித சாமானும் டிரேயில் இருந்தன. வந்தவர் தன்னுடைய மைக்ரோமீட்டரால் ஒவ்வொன்றாக அளந்தார். எதையும் சரியில்லை என்று ஒதுக்கவில்லை. கடைசிச் சாமானை டிரேயில் போட்டுவிட்டு, "ஆபரேட்டர் யாரு?" என்று கேட்டார்.

டர்னர் அண்ணா கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்தார், மெல்லத் தலையசைத்தார்.

"நான்தான் சார்" என்றேன்.