பன்வில தோட்டத்தில் பழுதான படம்

மனிதர்கள் விண்வெளிக்குப் போன நாட்களில் எடுத்த படங்களையெல்லாம் இணையத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். நீ யார், எதற்குப் பார்க்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. என் மகள் தன் டேப்லட்டில் அதைத் திறந்து தந்துவிட்டு வேலைக்குப் போனாள். காலையில் கதிரையில் உட்கார்ந்தவன் பகல் சாப்பாட்டையும் மறந்து தேடிக்கொண்டிருந்தேன். எழுபது தாண்டியவனுக்கு நல்ல பொழுதுபோக்கு என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி இல்லை. ஞாயிற்றுக்கிழமை செல்வராணி வருவதற்குள் ஒரு குறிப்பிட்ட படத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். அது கிடைக்கவே கூடாது என்றும் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

செல்வராணி யாரென்று சொல்லிவிடுகிறேன். இலங்கையில், கண்டிக்கு மேலே பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பள்ளிக்கூடத்தில் மாரிமுத்து மாஸ்டர் என்று ஒருவர் இருந்தார். அவருடைய மகள். குடும்பம் இந்தியாவுக்குப் போனபோது கைக்குழந்தை. இப்போது நீலகிரிப் பக்கம் கூடலூரில் இருக்கிறார், ஐம்பது வயது தாண்டிவிட்டது. பிறந்த தோட்டத்தைப் பார்க்கவென்று வந்தவர், பன்விலவில் இருக்கிற உறவுக்காரர்களிடம் விசாரித்து என் நம்பரைப் பிடித்துவிட்டார்.

"சார், அப்பா சாகிற வரைக்கும் ஒங்களப் பத்திப் பேசுவாரு. கண்டியில இருந்து ஒரு சார் வந்து, ஆகாசத்தில ஒருத்தர் கயித்தக் கட்டிக்கிட்டு மெதக்கிற படத்தக் காட்டினாருன்னு. அத ஒருக்கா பாக்கணும் சார். ஒங்ககிட்ட இருக்குங்களா?"

"பாப்போம் மா. வாங்க," என்றேன். போனை வைத்த பிறகு மகளிடம் டேப்லட்டைக் கேட்டேன்.

இந்தப் படக் களஞ்சியத்தில் ஒரு விசேஷம். நல்ல படங்களை மட்டும் பொறுக்கி வைத்திருப்பார்கள் என்று எண்ணியிருந்தேன். அப்படியில்லை. ஒரு சுருளில் எத்தனை படம் எடுத்தார்களோ அத்தனையும் எண் போட்டு வரிசையாக இருக்கின்றன. நிலவின் தூசியில் ஒரு காலடி, அடுத்தது அதே காலடி கொஞ்சம் மங்கலாக, அதற்கடுத்தது வெறும் கறுப்பு, பிறகு யாரோ ஒருவரின் முழங்கை. பழுதான படத்தின் கீழே ஏன் பழுதானது என்று ஒரு வரி. ஒன்றின் கீழே, எடுத்தவரின் தவறால் வெளிச்சம் பட்டுக் கெட்டுவிட்டது என்று இருந்தது. அவ்வளவு தூரம் போய் வந்தவர்கள் தங்கள் தவறை ஒரே வரியில் எழுதி, பெயரும் போட்டு, உலகம் பார்க்க வைத்திருக்கிறார்கள்.

திரையில் படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வாசனை இல்லை. அந்தக் காலத்துப் படத்தாளுக்கு ஒரு வாசனை உண்டு. கொஞ்சம் வினாகிரிப் புளிப்பு, கொஞ்சம் புதுச் சப்பாத்துத் தோல். படங்கள் வந்த உறையைக் கிழித்ததும் மூக்கில் ஏறும். எனக்கு இருபத்திரண்டு வயது. கண்டியில் அப்போது ஒரு வெளிநாட்டுத் தகவல் வாசிகசாலை இருந்தது, அதன் பெயர் இங்கே வேண்டாம். அதில் நான் உதவியாளன். விண்வெளிப் படங்கள் பெரிய அளவில் தடித்த அட்டையில் ஒட்டி வரும். பின்பக்கம் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த விளக்கம். அதை நான் தமிழில் எழுதி முன்னால் குத்த வேண்டும். பத்துப் படத்துக்கு விளக்கம் எழுதிவிட்டு, நானே போய்த் திரும்பியவன் மாதிரி வாவிக்கரையில் நடப்பேன். தலைமுடியைக்கூட அந்த விண்வெளி வீரர்கள் மாதிரி ஒட்ட வெட்டியிருந்தேன். எனக்கு அது கொஞ்சமும் பொருந்தவில்லை என்று அம்மா சொன்னார்.

படங்களைத் தோட்டப் பள்ளிக்கூடங்களுக்கும் கொண்டுபோக வேண்டுமென்று மேலிடத்தில் உத்தரவு. எங்கள் வேனின் டிரைவர் நிஸாம் நாநா, அக்குறணை முஸ்லிம்; அவர்கள் அண்ணனை நாநா என்பார்கள். வாய் சும்மா இருக்காது. அன்று வத்தேகமையைத் தாண்டிப் பன்வில ஏற்றத்தில் வேன் திணறியபோது கேட்டார்.

"தம்பி, அவனுகள் சந்திரனுக்குப் போய்ட்டானுகள். நாங்க இந்த வளைவத் தாண்டுவமா?"

"ஓட்டுங்க நாநா."

"ஓட்டுறன். நீங்க எறங்கித் தள்ளத் தயாரா ஈங்க. அட்டை ஈக்கி, கால்சட்டையச் சுருட்டுங்க."

அட்டைப்பூச்சி காலில் ஏற ஏற இறங்கித் தள்ளினேன். பிறகு தோட்டத்தில் பெரிய மனிதனாக நடக்க வேண்டியிருந்ததால், சேற்றை வேட்டித் துணியொன்றில் துடைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் ஒரே மண்டபம், தகரக் கூரை. மாரிமுத்து மாஸ்டர் பெஞ்சுகளைச் சுவரோரம் போட்டு, மேலே வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்தார். மெலிந்த மனிதர், சட்டையின் கழுத்துப் பொத்தானையும் பூட்டியிருப்பார். படங்களை ஒவ்வொன்றாகச் சாய்த்து வைத்தோம். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு ஆட்கள் அப்படியே வந்துவிட்டார்கள். அவர்கள் இடுப்பில் கட்டியிருந்த, மழையில் நனைந்த படங்குச் சாக்கின் வாசனை மண்டபம் முழுக்க. கம்பளியோ சாக்கோ நனைந்து காய்கிற வாசனை வந்தால் இன்றைக்கும் எழுந்து ஜன்னலைத் திறந்துவிடுவேன்.

எல்லோரும் நின்ற இடம் ஒரு படத்தின் முன்னால்தான். கலத்துக்கு வெளியே, கறுப்பு வெளியில், இடுப்பிலிருந்து போகும் ஒரு கயிற்றை மட்டும் நம்பி மிதக்கிற மனிதர். யாரோ ஒருவர் சாமந்தி மாலையோடு வந்துவிட்டார்.

"ஏய், ஏய்! உசுரோட இருக்கிறவங்க படத்துக்கு மால போடுவாங்களா?" என்று மாஸ்டர் தடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

காத்தாயி என்ற அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என்னிடம் வந்தார்.

"இந்தப் புள்ள திரும்பி வந்து சேந்திருச்சா சாமி?"

என் விளக்கத்தில் உயரம் இருந்தது, வேகம் இருந்தது, கயிற்றின் நீளம் இருந்தது. வந்து சேர்ந்தாரா என்பது இல்லை. "தெரியல" என்றேன், கொஞ்சம் எரிச்சலாக.

"தெரியாமயா படத்தத் தூக்கிட்டு வந்தீங்க?" என்றார் காத்தாயி. "எங்க மவன் இந்தியாவுக்குக் கப்பலேறி ரெண்டு மாசமாச்சு. ஒரு காயிதம் இல்ல. மாஸ்டர், மால வேணாம்னா துண்ணூறு வைக்கலாமில்ல? தூரப் பயணம் போறவனுக்கு வச்சு விடுறதுதானே?"

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "சரி, லேசா வை," என்றார் மாஸ்டர். காத்தாயி முந்தானை முடிச்சை அவிழ்த்து, திருநீற்றைத் தலைக்கவசத்தின் மேல் கோடாக இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார்.

ஆட்கள் போன பிறகு மாஸ்டர் சொன்னார்: "சார், அது காஞ்ச தூள்தான். மெல்லத் தட்டி விட்டாப் போயிரும். தண்ணி மட்டும் பட வேணாம். இருங்க, தேத்தண்ணி கொண்டாறேன்."

அவர் வெளியே போனார். படங்களை ஆண்டுக்கணக்காகக் கையாள்கிற எனக்கு இவர் சொல்லித் தருவதா என்று நினைத்தேன். உண்மையில் ஆண்டுக்கணக்கு இல்லை, ஏழு மாதம். கைக்குட்டையை நனைத்துத் துடைத்தேன். குங்குமம் கரைந்து தலைக்கவசம் முழுக்கச் சிவந்தது. பதறி அழுத்தித் தேய்த்தேன். படத்தாளின் மேல்தோல் ஊறி, சுருண்டு, கையோடு வந்தது. மனிதரின் தலை இருந்த இடத்தில் வெள்ளை அட்டை தெரிந்தது.

மாஸ்டர் தேநீரோடு உள்ளே வந்தார். கைக்குட்டை என் பைக்குள் போய்விட்டது.

"பாருங்க மாஸ்டர், குங்குமம் என்ன செஞ்சிருக்குன்னு," என்றேன்.

அவர் தேநீரை வைக்க இடம் தெரியாமல் நின்றார். கதவருகே நின்ற நிஸாம் நாநா என்னை ஒருமுறை பார்த்தார். திரும்பும் வழியில் வத்தேகமை வரை அவர் பேசவில்லை, அது அவருக்கு வழக்கமில்லை. கடைசியில், "தம்பி, நீங்கதானே தேச்சீங்க. உள்ளதச் செல்லுவீங்கதானே?" என்றார். "பாப்போம் நாநா," என்றேன்.

நான் எழுதிய அறிக்கையின் ஒரு வாக்கியம் இன்னும் மனப்பாடம். தோட்ட மக்களின் அறியாமையாலும் பொறுப்பாசிரியரின் மேற்பார்வைக் குறைவாலும் படம் பழுதடைந்தது. ஆங்கிலத்தில் இன்னும் எடுப்பாக இருந்தது. தட்டச்சு செய்துவிட்டு, நடை நன்றாக வந்திருக்கிறது என்று மகிழ்ந்தேன். சொல்லக் கூசுகிறது, ஆனாலும் அப்படித்தான். பிரதியொன்று தோட்டத்தை நடத்துகிற துரைக்குப் போனது. படங்கள் அதன் பிறகு எந்தத் தோட்டத்துக்கும் போகவில்லை.

சில வாரங்கள் கழித்து மாஸ்டர் வாசிகசாலைக்கு வந்தார். குடையை வெளியே சாய்த்துவிட்டு, உள்ளே வராமல் வாசலில் நின்றார். பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, தேயிலை மலைக்குக் கணக்குப் பார்க்க அனுப்பிவிட்டார்களாம். "சார், தொரகிட்ட நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னாப் போதும். என்மேலதான் தப்பு, இல்லேங்கல. புள்ளைகளுக்குப் படிச்சுக் குடுக்க ஆளில்ல, அதுக்காகக் கேக்குறேன்."

"பாப்போம் மாஸ்டர்," என்றேன். பார்க்கவில்லை.

அவர் குடும்பத்தோடு இந்தியாவுக்கே போய்விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். இரண்டு நாட்டு அரசுகளும் செய்த ஒப்பந்தப்படி, அந்த ஆண்டுகளில் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அப்படிப் போனார்கள். மாஸ்டரும் எப்படியும் போயிருப்பார், என் அறிக்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பல காலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். இருக்கலாம். அவர் ரயிலேறிய அன்று எனக்குத் தகவல் தெரியும். கண்டி ஸ்டேஷன் வாசிகசாலையிலிருந்து பத்து நிமிட நடை. ஜன்னலைச் சாத்திவிட்டு விளக்கம் எழுதிக்கொண்டிருந்தேன்.

படம் வெள்ளிக்கிழமை கிடைத்துவிட்டது. அந்த மனிதர் அதே கறுப்பில், அதே கயிற்றில், தலை முழுதாக இருக்க மிதந்துகொண்டிருந்தார். கீழே உள்ள குறிப்பை இரண்டு தரம் வாசித்தேன். பத்திரமாகக் கடலில் இறங்கினார் என்று இருந்தது. இரண்டு இரவும் சரியாகத் தூக்கமில்லை. டேப்லட்டைக் காட்டி, தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம், அவ்வளவுதானே என்று ஞாயிறு காலை வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

செல்வராணிக்குத் தகப்பனின் மெலிவு. வாசலில் செருப்பைக் கழற்றியதும் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டார். எனக்கு அது தாங்கவில்லை. கதிரையில் உட்காருவதற்கு முன்பே, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஈரக் கைக்குட்டை, அறிக்கை, ஸ்டேஷன் எதையும் விடவில்லை.

பிறகு டேப்லட்டை நீட்டினேன். செல்வராணி வாங்கி, தலைக்கவசம் இருந்த இடத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அப்பா தன்னாலதான் கெட்டுச்சுன்னு நெனச்சிருந்தாரு சார். குங்குமம் வைக்க விட்டது என் குத்தம்னு சொல்லுவாரு. கூடலூர்ல டியூசன் எடுக்கச் சொல்லிக் கேட்டாங்க. நான் பொறுப்பில்லாதவன், எனக்கு வேணாம்னுட்டாரு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"இருங்க சார். காத்தாயி அத்தையும் எங்களோடதான் வந்துச்சு. மவன எந்த ஊர்ல கொண்டு எறக்கினாங்கன்னு கடைசி வரைக்கும் தெரியல. 'நான் பொட்டு வச்சு ஒருத்தன் மொகமே அழிஞ்சு போச்சு, எங் கைதான் என் மவனையும் அழிச்சிருச்சு'ன்னு சொல்லிச் சொல்லி அழும். எனக்குக் கல்யாணம் நடந்தப்ப நெத்தியில பொட்டு வைக்கக் கூப்பிட்டேன். கையப் பின்னால கட்டிக்கிச்சு. வைக்கவேயில்ல."

மாஸ்டருக்குச் செய்ததைத்தான் இத்தனை வருடமும் நினைத்து நினைத்துக் குமைந்திருக்கிறேன். காத்தாயி என் நினைப்பில் ஒருநாளும் வந்ததில்லை.

"இத எழுதிக் குடுங்க சார்," என்றார் செல்வராணி. "அங்க எங்க ஆளுங்க இருக்காங்க. காட்டணும்."

பழைய அறிக்கை இருந்தால் அதன் மேலேயே எழுதிக் கொடுத்திருப்பேன். வாசிகசாலை மூடி எத்தனையோ காலம். அந்தக் கட்டடத்தில் இப்போது போன் விற்கிறார்கள். காகிதங்களை லொறியில் ஏற்றியதைப் பார்த்த நிஸாம் நாநாவும் இல்லை. ஆகவே புதிதாக ஒரு தாளில் எழுதினேன். இன்ன படத்தை நான்தான் நனைத்துத் தேய்த்துப் பழுதாக்கினேன், மாரிமுத்து மாஸ்டர் மேலும் காத்தாயி மேலும் எந்தத் தவறும் இல்லை என்று. மூன்று வரி. கையெழுத்துப் போட்டேன். செல்வராணி அதை இரண்டு தரம் வாசித்து, மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

புறப்படும்போது படியில் நின்று திரும்பினார்.

"சார், அத்தையோட போட்டோ ஒண்ணுகூட எங்ககிட்ட இல்ல. பாஸ்போட்டும் வீடு மாறினதுல எங்கயோ போயிருச்சு. இங்க இருந்தப்ப அது எப்படி இருக்கும், ஒங்களுக்கு ஞாபகம் இருக்குங்களா?"

யோசித்தேன். திருநீறு படிந்த விரல்கள் வந்தன. அவிழ்ந்த முந்தானை முடிச்சு வந்தது, நனைந்த சாக்கு வந்தது. அவர் கேட்ட கேள்வி, குரலோடு அப்படியே வந்தது. முகம் வரவில்லை. செல்வராணி காத்துக்கொண்டு நின்றார். இல்லை மா என்று சொல்ல எனக்கு அவ்வளவு நேரம் பிடித்தது.